பக்கம் எண்ணிக் கொடுத்த கதை

நவம்பர் 5, செவ்வாய்

குதிரைப் பந்தய நாள், ஊரே டிவி முன்னால். நூலகத்தில் ஈ காக்கை இல்லை. சுவரில் நானே ஒட்டிய அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜனவரியில் நாற்பத்தொரு பேர் பெயர் எழுதினார்கள், இந்த வருடம் இத்தனை புத்தகம் படிப்பேன் என்று. பாதிப் பேர் ஐந்தாறோடு நிற்கிறார்கள். நான்? ஐம்பது என்று எழுதினேன், பதினொன்று முடித்திருக்கிறேன். அதிலும் மூன்றில் பாதிப் பக்கங்களைத் தாண்டிக் குதித்தேன். கணவன் கிரெய்க் வீட்டை விட்டுப் போனதிலிருந்து ஒரே பக்கத்தை நாலு தடவை படிக்கிறேன்.

ஒரு யோசனை. வாசல் பக்கம் தனி அலமாரி. நூற்றிருபது பக்கத்துக்கு மேல் எதுவும் கூடாது. சிறுகதைகள், குட்டி நாவல்கள். ‘புத்தகக் கணக்கில் பின்தங்கியவர்களுக்கு’ என்று ஒரு பலகை.

நவம்பர் 9

அலமாரி பாதி காலி! சனிக்கிழமைகளில் உதவிக்கு வரும் க்வெண்டா கேட்டாள்: “இதெல்லாம் நீ படிச்சியா, நோலீன்?”

“பின்ன?” என்றேன்.

பொய். தடிமன் பார்த்து உருவி வைத்ததுதான்.

நவம்பர் 13

கடலில் சிப்பிப் பண்ணை வைத்திருக்கும் ராஸ் கிளென்னட் வந்தார். நெஞ்சில் ஆபரேஷன் ஆகி, மூன்று மாதம் எதையும் தூக்கக் கூடாதாம். இருபத்துநாலு என்று எழுதியவர் ஒன்பதில் நிற்கிறார்.

“சிப்பிக் கூடையைத் தூக்காதேன்னுட்டார் டாக்டர். புத்தகமாவது தூக்கலாம்னு பாத்தா, நீங்க குடுக்கறதெல்லாம் செங்கல் கணக்கா இருக்கு.”

சிரித்துக்கொண்டே ஒன்றை நீட்டினேன். எண்பத்தெட்டுப் பக்கம், ஆறு கதை, அட்டையில் கடல். “கடல்காரருக்குக் கடல் கதை. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவீங்க.”

நவம்பர் 15



ராஸ் காலையிலேயே வந்தார். புத்தகத்தை மேசையில் வைத்தார். “இதை நீங்க படிச்சீங்களா?”

புத்தகத்தைத் திருப்பி அட்டையைப் பார்த்தேன்.

“மூணாவது கதை. படிச்சிட்டுத்தான் எனக்குக் குடுத்தீங்களா?” குரலை உயர்த்தவே இல்லை. போய்விட்டார்.

க்வெண்டாவுக்கு போன் போட்டேன். பத்தொன்பது வருடம் முன்னால் ராஸின் மகன் டோபி, பதினாலு வயது, கடலில் கட்டியிருந்த சிப்பிக் கூடைகளைப் பார்க்கத் தனியாகப் படகில் போயிருக்கிறான். படகு மட்டும் கரைக்கு வந்ததாம்.

“ஊருக்கே தெரியும்” என்றாள்.

“நான் வந்து நாலு வருஷம்தானே ஆச்சு. எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாதுதான். புத்தகத்தைப் படிச்சிருக்கலாமே.”

உள்ளறையில் நின்றபடியே அந்தக் கதையைப் படித்தேன். பதினாலு பக்கம். ஒரு அப்பா, கரையில், காய்ந்த துண்டோடு காத்து நிற்கிறான். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். இதைப் போய் அந்த மனுஷன் கையில...

நவம்பர் 16

அலமாரியைக் காலி செய்துவிட்டேன்.

நவம்பர் 18

போனேன். ராஸ் வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. கதவைத் திறந்தது அவர் மனைவி மெரின். அவளுக்கு ஒன்றும் தெரிந்த மாதிரி இல்லை. “கொட்டகையில இருக்கார், போங்க.”

ராஸ் ஒரு பழைய கூடையின் வலையைப் பின்னிக்கொண்டிருந்தார்.

“நான் படிக்கல. பக்கத்தை எண்ணிக் குடுத்தேன். மன்னிச்சிடுங்க.”

வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இன்னும் இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டுக் கேட்டார்: “அந்த அப்பன் கடைசில என்ன பண்றான்? நான் பாதியில மூடிட்டேன்.”

“வீட்டுக்குப் போறான். பையனை அன்னிக்குப் போகச் சொன்னதே தான்தான்னு பொண்டாட்டிகிட்ட சொல்றான்.”

அவர் கை நின்றது.

“அவ என்ன சொல்றா?”

“அது கதையில இல்ல. அங்கேயே கதை முடியுது.”

கொட்டகைக் கதவு வழியாக வீட்டைப் பார்த்தார். மெரின் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். “அன்னிக்கு எனக்கு இடுப்பு வலி” என்றார். “நீ போய்ப் பாத்துட்டு வாடான்னேன்.” மறுபடி வலையைப் பின்னத் தொடங்கினார்.

நான் கிளம்பும்போது, அந்தப் புத்தகம் தனக்கு மறுபடி வேண்டும் என்றார்.

நவம்பர் 27

இப்போது படித்த பிறகுதான் அலமாரியில் வைக்கிறேன். வாரத்துக்கு நாலு. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு. ‘சின்னது, ஆனால் அழ வைக்கும்.’ ‘அம்மாவைப் புதிதாக இழந்தவர்கள் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள்.’ ‘ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடியும், மூன்று இடத்தில் சிரிப்பீர்கள்.’ சீட்டைப் படிக்கவே சிலர் நிற்கிறார்கள்.

டிசம்பர் 12

மெரின் வீட்டில் இல்லையாம். பெட்டியோடு லான்செஸ்டன் நகரத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள் என்கிறாள் க்வெண்டா. எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரியும். ராஸ் அவளிடம் சொல்லியிருப்பார். நான்தான் கெடுத்தேனா? சும்மா இருந்த குடும்பத்தை?

டிசம்பர் 14

ஒரு வரி கூடப் படிக்கவில்லை.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸுக்குத் தனியாக இறால், தனியாகக் கேக். ராஸும் அந்த வீட்டில் தனியாகத்தான் இருப்பார். கொஞ்சம் கேக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் வந்துவிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

மெரின் நூலகத்துக்கு வந்தாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

“அந்த மூணாவது கதையை எனக்கு வாசிச்சுக் காட்டினார், நோலீன். கதை முடிஞ்சப்புறமும் நிறுத்தல. புத்தகத்தைப் பாக்காமலே சொல்லிட்டே போனார்.”

“என்னாலதான்...”

“இருங்க. அன்னிக்குக் காலையில அவர் டோபியை அனுப்பினது எனக்குத் தெரியும். சமையக்கட்டு ஜன்னல் தொறந்துதான் இருந்துச்சு. அவரா வந்து சொல்வார்னு பத்தொன்பது வருஷம் பாத்தேன். சொன்னதும் வந்தது அழுகையில்ல, கோவம். இத்தனை வருஷமா ரெண்டு பேரும் ஒரே வீட்டுல தனித்தனியா அழுதிருக்கோமேன்னு. அதான் கிளம்பிப் போயிட்டேன்.”

“இப்போ?”

“வந்துட்டேன். டோபிக்கு எப்பவும் பசி. ஒரு ரொட்டி முழுசையும் நின்னுகிட்டே தின்னுடுவான். நேத்து அதைச் சொல்லிச் சிரிச்சோம்.”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ராஸ் காரில் மடியில் செர்ரிப் பையோடு உட்கார்ந்திருந்தார். மெரின் போய் ஏறிக்கொண்டாள். வண்டி கிளம்ப இருபது நிமிடம் ஆனது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். அவள் செர்ரி தின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.