உருளையில் ஒரு வளையம்

மார்ச் 9

“எப்படி டீச்சர், உங்க ரிவால்வர்ல மட்டும் உருளையைச் சுத்தி அந்தக் கீறல் வளையமே விழல?” போன வருஷம் பழைய துப்பாக்கி சேகரிப்போர் சங்கத்தில் வெண்டல் ஸ்ட்ரான்ட் கேட்டான். உட்கார், காட்டுகிறேன் என்றேன். அதற்குள் காப்பி எடுக்கப் போய்விட்டான். என் வகுப்பிலும் அப்படித்தான். கேள்வி கேட்பான், பதிலுக்கு நிற்கமாட்டான்.

சங்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க என் அண்ணன் ஆர்லனின் ரிவால்வரைக் கேட்டு வாங்கிப்போனவன் இன்று திருப்பிக் கொடுத்தான். குண்டு போடும் உருளையைச் சுற்றி வளையம். நீலப் பூச்சு போய் இரும்பு பளபளக்கிறது. அண்ணன் சாகும்வரை ஒரு கீறல் படாமல் வைத்திருந்தது. அவன் நினைவாக என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

“ஒரு கோடுதானே டீச்சர்! கல்யாணப் பொண்ணு மொகமா என்ன?”

சிரிக்கிறான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை — இல்லை.

மார்ச் 10

தூக்கமில்லை. அவனுக்கும் ஒரு நாள் வரும். வரணும்.

மார்ச் 23

சங்கம் கூடும் லீஜியன் ஹாலில் வெண்டல் புகைபிடிக்க வெளியே போனதும் மற்ற எல்லோரையும் மேசையருகே கூப்பிட்டேன். ரிவால்வரின் பின்னால் இருக்கும் சுத்தியலைப் பாதி இழுத்தால் உருளை தாராளமாகச் சுற்றும். அங்கிருந்தே சுத்தியலை முன்னால் விட்டால், அடியில் இருக்கும் சின்னப் பல் பள்ளத்தில் உட்காராமல் உருளையின் உடம்பில் முட்டி நிற்கும். அப்புறம் சுற்றும்போதெல்லாம் கீறிக்கொண்டே போகும். நாற்காலியைத் தூக்காமல் இழுத்தால் தரையில் கோடு விழுமே, அதே கதை என்றேன்.

“வெண்டலுக்கு யாரு சொல்றது?” என்றார் தலைவர் ஆர்வில்.

“யாரும் சொல்லக்கூடாது.”

“அடேங்கப்பா, டீச்சருக்கு இவ்வளவு வெஷமா!” ஹாலே சிரித்தது. நானும்தான்.

ஆகஸ்ட் 17

வெண்டலின் அப்பா போய்விட்டார். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வேகவைத்து எடுத்துப் போனேன். சமையலறையில் அப்பாவின் ரிவால்வரைத் துணியிலிருந்து பிரித்துக் காட்டினான். என் அண்ணனுடையதைப் போன்றதுதான். வளையம் இல்லை.

“யாரையும் தொட விடமாட்டாரு டீச்சர். நவம்பர் கண்காட்சில வைக்கப்போறேன்.” கண் கலங்கியிருந்தது.

ஒரே ஒரு வாக்கியம். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருக்கலாம்தான். ஆர்லனுக்காக யார் கண் கலங்கியது?

“ஆறிடும், சாப்பிடு” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 9

கண்காட்சி. வெண்டல் அதைப் பெட்டியில் வைக்கவே இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் கையில் எடுத்துக் காட்டினான் — சுத்தியலைப் பாதி இழுத்து, உருளையைக் கடகடவென்று சுற்றி, அங்கிருந்தே விட்டு. மறுபடி. மறுபடி. சங்கத்தார் எல்லோரும் தத்தம் காப்பிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாலைப் பூட்டும் நேரத்தில் நான் போய் எட்டிப் பார்த்தேன். வளையம் விழுந்துவிட்டது. சுற்றிவர, அழகாக, அண்ணனுடையதில் இருப்பதைப் போலவே.

இனித்தது. பொய் எழுதவில்லை.

நவம்பர் 10

இன்னும் இனிக்கிறது.

நவம்பர் 24

காலையில் பனியை உதறிக்கொண்டு வெண்டல் வாசலில் நின்றான். கையில் அந்தத் துணிமூட்டை.

“வளையம் எதனால விழுதுன்னு எல்லாருக்கும் தெரியுமா டீச்சர்?”

“தெரியும்.”

“ஆர்விலுக்குமா? அந்தாளுக்கு ஷூ லேஸ் கட்டவே தெரியாதே!”

“அவருக்கும்தான்.”

துணியைப் பிரித்து வளையத்தைக் காட்டினான். “அது எங்கப்பாவோடது.”

“அது எங்க அண்ணனோடது.”

தலை குனிந்தான். “அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது.”

பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவனை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, ஆர்லனின் ரிவால்வரை எடுத்து வந்து அவன் முன்னால் மேசைமேல் வைத்தேன். “இதுல பழகு. இதுல கெட இனிமே என்ன இருக்கு?”

தன் கையால் கீறிய வளையத்தைப் பார்த்தபடி, சொன்னதைச் சொன்னபடி செய்தான். அடுப்பில் காப்பி கொதித்து வாசனை வந்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். இந்தப் பக்கம் யார் கைக்கு வந்தாலும் செய்து பார்க்கட்டும்: குண்டு எதுவும் இல்லை என்று முதலில் கண்ணால் பார்த்துக்கொள், பாதி வந்த சுத்தியலை அங்கிருந்து முன்னால் விடாதே — கடைசி வரை இழுத்துவிட்டு, அதைக் கட்டைவிரலால் பிடித்தபடி விசையை அழுத்தி, மெதுவாக இறக்கு.