என் பொய்க்கு ஆமாம் போட்ட மாமாவுக்கு

என் அன்புக்குரிய சுடலைமுத்து மாமா,

விக்கிரமசிங்கபுரத்தில் எல்லாருக்கும் நீங்கள் அண்ணாச்சி. அப்பாவோடு ஒரே வகுப்பில் படித்தவர் என்பதால் எனக்கும் என் அண்ணன் கணேசனுக்கும் மட்டும் மாமா. இந்தக் கடிதத்தை நீங்கள் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும். முப்பது வருஷமாகத் தைரியம் வரவில்லை.

மில்லில் சங்கு ஊதியதும் உங்கள் பலசரக்குக் கடை வாசலில் சைக்கிள்கள் வந்து நிற்கும். அப்பா நேராக உள்ளே வந்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொள்வார். நானும் கணேசனும் மிட்டாய் பாட்டில்களுக்கு முன்னால் நின்று சண்டை போடுவோம். அவனுக்குக் கருப்பட்டி மிட்டாய், எனக்குத் தேன் மிட்டாய். இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவீர்கள். "அப்பதான் சேந்து தின்பிய" என்பீர்கள்.

கணேசன் ஆற்றில் குளிக்கப் போய் வராமலே போனான். அதன்பிறகு அப்பா என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "ஆத்துப் பக்கம் கால வச்சேன்னா பள்ளிக்கூடம் கிடையாது." அம்மா ஆறு என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுவாள்.

வருஷம் திரும்புவதற்குள் ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டதும் ஆற்றுக்குப் போனேன். அவன் போன இடத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். படித்துறையில் தண்ணீருக்குள் காலை விட்டு உட்கார்ந்தவளுக்கு நேரம் தெரியவில்லை. திரும்பி வந்தால் தெருவே என்னைத் தேடிக்கொண்டிருந்தது. அம்மா வாசலில் சுருண்டு கிடந்தாள்.

"எங்கட்டி போன?" என்றார் அப்பா.

"மாமா கடையில, பின்கட்டுல இருந்தேன்."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உங்கள் கடைக்கு வந்தார். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு என் பாவாடையின் ஈர விளிம்பைப் பார்த்தீர்கள்.

"ஆமா, இங்கனதான் இருந்தா. நான்தான் சொல்லி விட மறந்துட்டேன்."

"ஒரு பிள்ளையப் பறிகொடுத்தவன் நான். அது தெரிஞ்சும் உமக்கு எப்படிவே மறக்கும்?"

தெரு முழுக்க நின்று கேட்டது. அன்றோடு அப்பா உங்கள் கடைப் படியை மிதிக்கவில்லை. எங்கள் வீட்டுச் சாமான் எல்லாம் பஜாரிலிருந்து வந்தது. ஒருநாள் நீங்கள் "பேச்சி" என்று கூப்பிட்டீர்கள். காதில் விழாதவள் போல நடந்தேன். அது உங்களுக்கு வலித்ததா மாமா?

போன மாதம் நீங்கள் போய்விட்ட செய்தி கேட்டு, கங்கைகொண்டானில் வேலையை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். வீட்டில் அப்பா பனியனோடு உட்கார்ந்திருந்தார். அம்மா கொல்லைப்புறத்தில் இருந்தாள்.

"நீ போயிட்டு வா" என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அப்பா, அன்னைக்கு நான் கடையில இல்ல. ஆத்துக்குப் போயிருந்தேன்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "கணேசன் போன இடத்துக்கா?"

"ஆமா."

எழுந்து சட்டையை மாட்டினார். பித்தானை மாற்றிப் போட்டார். நான் அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டேன்.

உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து அப்பா பேசியது உங்களுக்குக் கேட்டிருக்குமா? "எங்கிட்ட மட்டுமாவது சொல்லிருக்கலாம்லாவே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அத்தைதான் பதில் சொன்னாள். "சொன்னா பிள்ள படிப்ப நிறுத்திருவியன்னு பயந்தாவண்ணே. அவ அம்மைக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டான்னும் சொன்னாவ."

முட்டி வலியோடு அப்பா ஆற்றங்கரைச் சுடுகாடு வரை உங்களுக்குத் தோள் கொடுத்தார். கணேசனுக்குப் பிறகு அவர் ஆற்றங்கரைக்குப் போனது அன்றுதான்.

அத்தை கடையைத் திறந்துவிட்டாள். காலையில் அப்பா போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறாராம்.

அம்மாவுக்கு மட்டும் இன்னும் தெரியாது. உங்கள்மேல் உள்ள கோபத்தை அவள் விடவில்லை; கடைசியாக உங்கள் முகத்தைப் பார்க்கக்கூட வரவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அவள் அழுதால் நானும் கூட அழுகிறேன். எனக்காக நீங்கள் கெட்டபெயர் சுமந்தது போதும், மாமா.

உங்கள் மருமகள்,
பேச்சி