கமலா பழங்கள் வடக்கே திரும்பிய காலை

பாண்டி பஜாரில் தள்ளுவண்டிக்காரர் ஒரு கமலா பழத்தை உரித்து, ருசி பார்க்கச் சுளை கொடுத்தார். தோலின் வாசனை விரலில் ஒட்டிக்கொண்டது. நீ போய் ஒரு மாதம் ஆகிறது. உன் மகள் தொலைபேசியில் சொன்னபோது "சரிம்மா" என்றேன். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. எழுதினால் வருமோ என்று பார்க்கிறேன்.

எழுபதுகளில், நாம் இருவரும் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்தபோது, நமக்குக் கமலா பழம்தான் கருவி. தோலோடு போட்டால் பெரும்பகுதி நீருக்குள் அமிழ்ந்து மிதக்கும். காற்று தள்ளாது, நீரோட்டம்தான் இழுக்கும். பட்டினப்பாக்கம் கரையில் இரண்டு மூங்கில் கழிகளை நட்டு, பழம் ஒரு கழியிலிருந்து மற்றதற்குப் போகும் நேரத்தை மாதாமாதம் அளந்தோம். கடலில் இறங்குபவன் நீ. ஸ்டாப்வாட்சோடு கரையில் நிற்பவன் நான்.

"இன்னா நைனா, கடலுக்குப் பழம் ஊட்றீங்களா?" என்பார்கள் வலை உலர்த்தும் பெண்கள்.

"ஆமாக்கா, அதுக்கு ஒடம்பு சரியில்ல" என்பாய் நீ. நான் மணலைப் பார்ப்பேன்.

குளிர்காலம் முழுக்கப் பழங்கள் தெற்கே, அடையாறு முகத்துவாரம் பக்கம் போயின. கோடை தொடங்கும்போது நீரோட்டம் வடக்கே திரும்பும். அது திரும்புவதைப் பிடிப்பதுதான் நம் ஆராய்ச்சி. தவறவிட்டால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். நம் உதவித்தொகை அதுவரை தாங்காது. அந்த வாரம் பார்த்து உனக்குக் காய்ச்சல்.

போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து, என் இடுப்பில் கயிற்றைக் கட்டினாய்.

"நேக்கு நீச்சல் தெரியாதுடா. ஆத்துல அம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவா" என்றேன்.

"அலைய வச்சுப் பட்டம் வாங்கப் போறே, அலையில கால் வைக்க மாட்டியா மாமா? கவுறு என் கையில கீது. போய்க்கினே இரு."

மார்பளவு நீரில் ஓர் அலை என் தலைக்கு மேல் போனது. பழங்கள் எப்போது கைநழுவின என்று தெரியாது. உப்பைத் துப்பிவிட்டுத் திரும்பினால், ஒரு கையில் வாட்சும், மறு கை சாந்தோம் பக்கம் நீண்டுமாக நீ கத்திக்கொண்டிருந்தாய்: "வடக்கேடா! வடக்கே போவுதுடா!"

கயிற்றின் மறுமுனை என் அருகில் மிதந்தது.

"கயித்த ஏண்டா விட்டே?" என்றேன், கரையேறி.

"எப்பவோ வுட்டுட்டேன். வாட்ச்ச புடிக்க வாணாமா? நீதான் நின்னுகினு இருந்தியே."

சில நாள் உன்னோடு பேசவில்லை. பிறகு எத்தனையோ கரைகளில் இறங்கினேன். இடுப்பில் எதையும் கட்டிக்கொண்டதில்லை. தைரியம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. கால் மணலில் பதிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வேன்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது, வாசலில் உன் மகள் என் முழங்கையைப் பிடிக்க வந்தாள். "வேண்டாம்மா, நிக்கறேன்" என்றேன். அழுகை வரவில்லை. தெருமுனை திரும்பி நீ மறையும்வரை நின்றேன்.