கம்பத்துக்குப் பன்னிரண்டு அடி

மே 18, ஞாயிறு
காலையில் வெயில், மதியத்துக்கு மேல் காற்று. எங்கள் கார் சங்கத்தின் பந்தயம். கண்காட்சித் திடலின் வண்டி நிறுத்துமிடத்தில் ரப்பர் கோன்களை வைத்துத் தடம் போட்டு, ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஓட்டினோம். ஐம்பத்து நான்கு பேர். பாதுகாப்பு அதிகாரியாக எனக்கு இது மூன்றாவது வருடம். தடம் போட்டது எப்போதும்போல என் கணவன் வெண்டல்.

ஷெல்பியின் நீலக் கார் கடைசி வளைவில் சுழன்று, விளக்குக் கம்பத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. இறங்கிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மே 19
கம்பம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது காலையிலேயே எனக்குத் தெரியும். தடம் சரி என்று கையெழுத்துப் போட்டவள் நான். வெண்டலோடு வாதாட அலுப்பாக இருந்தது. உண்மை அவ்வளவுதான்.

ஜூன் 22, ஞாயிறு
மறுபடியும் அதே கம்பம். வளைவிலிருந்து காலடி வைத்து அளந்தேன். பன்னிரண்டு அடி. விதிப்படி இருபத்தைந்து வேண்டும்.

"வெண்டல், இந்த வளைவத் தள்ளிப் போடு."

"பத்தொம்பது வருஷமா தடம் போடறேன். எவன் செத்தான் இங்க?"

"போன மாசம் ஷெல்பி தப்பிச்சதே பெரிசு."

"வீட்லதான் உன் ராஜ்யம். இங்கயாவது விடேன், மார்லிஸ்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முகம் எரிந்தது. நான் நிறுத்தினால் சங்கத் தலைவர்கூட ஓட்டச் சொல்ல முடியாது. மூன்று வருடத்தில் ஒருமுறைகூட நிறுத்தியதில்லை. வாக்கி டாக்கியை எடுத்தேன்.

"தடம் மூடியாச்சு. வளைவ மாத்தற வரைக்கும் ஒரு காரும் போகாது."

சத்தமாகவே சொன்னேன். எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

நாற்பது நிமிடம் ஹெல்மெட்டும் கையுமாக வெயிலில் நின்றார்கள். "ஸ்கூல் பஸ் ஓட்டறவகிட்ட குடுத்தா இப்படித்தான்" என்று ஒருவன் எனக்குக் கேட்கவே சொன்னான். ஷெல்பி மட்டும் வந்து, வளைவைத் தள்ளிப் போட என்னோடு கோன்களைத் தூக்கினாள்.

அப்புறம் நாள் முழுக்க யாரும் சுழலவில்லை.

"பாத்தியா? ஒண்ணுமே ஆகல," என்றான் வெண்டல், வீடு திரும்பும்போது.

ஒன்றும் ஆகாத நாளை எதைக் காட்டி நிரூபிப்பது?

ஜூன் 23
வெண்டல் தட்டை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய்ச் சாப்பிட்டான்.

ஜூன் 26
"கெட்சப் எங்க?" நான்கு நாளில் வெண்டல் என்னிடம் பேசியது இது ஒன்றுதான்.

ஜூலை 3
பாதுகாப்புப் பொறுப்பிலிருந்து விலகிவிடலாமா? சிரித்தவர்கள் முன்னால் ஜெயிக்கத்தான் தடத்தை மூடினேனோ? கொஞ்சம் அதுவும் இருந்தது. இல்லையென்று எழுத முடியவில்லை — ஆனால் பன்னிரண்டு அடி பன்னிரண்டு அடிதானே?

ஜூலை 20, ஞாயிறு
தங்கைக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. மூன்று நாள் ஒமாஹாவில் அவள் வீட்டில் இருந்துவிட்டு மாலை வந்தேன். இன்றைய பந்தயத்தில் என் இடத்தில் பாதுகாப்பைப் பார்த்தது சங்கத்து க்ளின்ட்.

வெண்டல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். கழுத்தெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது.

"இப்பதான் திடல்லேர்ந்து வந்தியா?" என்றேன்.

"ஆரம்பிக்கவே முக்கா மணி லேட்டு."

ஷூவைக் கழற்றிக்கொண்டே அவனே சொன்னான். "க்ளின்ட் சுத்திப் பாத்துட்டு சரின்னுட்டான். கையெழுத்தும் போட்டான். மொத கார் கெளம்பப் போவுது, என்னால சும்மா நிக்க முடியல. ஓடிப் போய் நானே நிறுத்திட்டேன். கம்பத்துப் பக்கத்துக் கோன் பூராவும் மாத்தி வெச்சேன்."

"திட்டினாங்களா?"

"பின்ன? உன்னைத்தான்."

"நான் ஊர்லயே இல்லையே!"

"அதையேதான் நானும் சொன்னேன்," என்று நகர்ந்து உட்கார்ந்து, படியில் எனக்கு இடம் விட்டான்.