பேனாவைக் கீழே வைக்காமல்

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. கையில் போன் இருக்கும்போது இவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய், கொஞ்சம் பொறுத்துக்கொள், இதில் ஒரு சமாசாரம் போனில் சொல்ல வாய் வரவில்லை. நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, தெம்பாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தி. ஆங்கிலப் பரீட்சையில் தேறிவிட்டேன். கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசை இனி எனக்குத்தான், பழையபடி கோப்பு அறைக்குப் போகவேண்டாம் என்று மேலாளரம்மா நேற்று கூப்பிட்டுச் சொன்னார். அப்பாடா என்று இருக்கிறது. ஜன்னல் இல்லாத அந்த அறையில் தும்மித் தும்மியே நான் பாதியானது உனக்குத் தெரியுமே. நம் வீட்டின் முதல் பட்டதாரி என்று அப்பா வேறு போகிற இடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், தோற்றால் எந்த முகத்தோடு வீட்டுக்கு வருவேன் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

படிப்பதும் எழுதுவதும் எனக்குப் பயமில்லை, நீ பள்ளிப்பாடம் எழுதிய அதே மேசையில் உட்கார்ந்து அஞ்சல்வழியில் பட்டம் வாங்கியவள்தானே. கேட்கும் பகுதிதான் வாட்டியது. ஒருமுறைதான் ஒலிக்கும், காது கேட்கும்போதே கை எழுதவேண்டும், கண் அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். எனக்கோ யாராவது பேசினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்துத்தான் பழக்கம். பயிற்சி வகுப்பில் ஹெட்போனில் குரல் வந்ததும் பேனாவை வைத்துவிட்டுத் தலையாட்ட ஆரம்பித்துவிட்டேன். ஆசிரியை, அக்கா, அந்த ஆளு உங்களைப் பாக்கப் போறதில்ல, நீங்க பாட்டுக்கு எழுதுங்க என்று சிரித்தாள். அதற்குள் பாதிக் கேள்விகள் போய்விட்டன. அன்று அழாத குறையாக அப்பாவிடம் சொன்னேன். வேன் ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். நான் பேசறப்ப மட்டும் நீ காய் நறுக்குற, துணி மடிக்கிற, ஒண்ணும் நிக்கிறதில்ல, ஆனா நான் எங்க பொய் சொன்னேன்னு மட்டும் டக்குனு புடிச்சிடுற, ஹெட்போன்ல பேசறதும் நாந்தான்னு நெனச்சுக்கோயேன் என்றார். சிரிக்காதே, பரீட்சையில் அதைத்தான் செய்தேன். யாரோ ஒருவர் ரயில் தாமதமானதைப் பற்றித் தொடங்கினார், சரி, இவர் ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன், பேனா தானாக ஓடியது. பிறகு ஒரு பெண் வீட்டுச் சொந்தக்காரரிடம் கூரை ஒழுகுவதைச் சொன்னாள், அவளையும் அப்பாவாக்கிவிட்டேன்.

முடிந்து படியிறங்கும்போது பக்கத்தில் எழுதிய பெண், பாவம்ல அந்தக் கூரை ஒழுகுற வீட்டு அக்கா, எவ்ளோ சலிச்சுப் போய்ப் பேசினாங்க என்றாள். எனக்குத் திக்கென்றது. அவள் கதவு எண் தெரியும், மழை பெய்த கிழமை தெரியும், அவள் சலித்திருந்தது தெரியவில்லை. அன்று சாயங்காலம் அப்பா வேன் டயரைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார், அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். மனுஷன் பயந்தே போனார், என்னாச்சு, உடம்பு கிடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு டயரிலிருந்து நகர்ந்து, ரொம்ப நாளாக முதுகு வலிக்கிறது என்பதைச் சொன்னார். முன்பும் சொல்லியிருப்பார், நான்தான் துணி மடித்துக்கொண்டிருந்திருப்பேன். டாக்டரிடம் காட்டிவிட்டோம், பயப்பட ஒன்றுமில்லை, பாரம் தூக்கவேண்டாம் என்றார், இப்போது தேவலை.

ஈரத் தலையோடு வெளியே போகாதே. சம்பளம் வந்ததும் நல்ல செருப்பாக ஒன்று வாங்கிக்கொள். எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும், அது போதும் எங்களுக்கு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

பி.கு.: நீ போனில் பேசும்போது பின்னால் கம்ப்யூட்டர் தட்டும் சத்தம் கேட்கிறது. ம், சொல்லும்மா, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் என்கிறாய். திருப்பிச் சொல்லச் சொன்னால் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவாய், என் பெண்தானே. உன் வேலை அப்படி, குறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது மட்டும், கொஞ்ச நேரம், கையை மடியில் வைத்துக்கொண்டு பேசுகிறாயா? நானும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.