பஸ்ஸுக்கே விளங்கிய குறிப்பு

கட்டங்களை ஆளும் என் மருமகளுக்கு,

பேங்க் வேலையை உதறிவிட்டுக் குறுக்கெழுத்துப் புதிர் போடப் போகிறேன் என்று நீ சொன்னபோது வாயை மூடிய உன் அப்பா, இன்னும் உன் பேரை எடுப்பதில்லை. ஆனால் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும், உன் புதிர் வரும் பேப்பரை யாருக்கும் தெரியாமல் சட்டைக்குள் மடித்து வைத்துக்கொள்கிறார். அந்த ரகசியம் ராஜபாளையம் முழுக்கத் தெரியும்.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பேப்பரை விரித்தேன். 'ஸ்ரீவில்லிபுத்தூர் இனிப்பில் பால் வற்றினால் கடற்கரை ஊர், இரண்டெழுத்து' என்ற உன் குறிப்பை மலை அதிர வாசித்தேன். வாசித்து முடிக்குமுன்பே விடை எனக்குத் தெரிந்துவிட்டது. என் மூளையின் வேகம் உலகறிந்ததுதானே. இருந்தாலும், "குறிப்பே தப்பு அத்தான். போட்டவளுக்கு ஒண்ணுமே தெரியல," என்றேன்.

மனுஷர் செத்த நேரம் பல்லைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை.

"ஏலே, தப்பு ஒம் மண்டையில இருக்கு! ஸ்ரீவில்லிபுத்தூர்னா என்ன இனிப்பு? பால்கோவா. அதுல பால எடுத்துரு. மிச்சம் கோவா! அங்க கடற்கரை இருக்கா, இல்லையா?"

அவர் போட்ட சத்தத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை இரண்டடி தள்ளி உட்கார்ந்தது. பஸ்ஸே கை தட்டியது.

"அருமையா இருக்கே! யார் சார் போட்டது?" என்றார் கண்டக்டர்.

உன் அப்பா காலரை இழுத்து விட்டுக்கொண்டார்.

"எம் மக. அவளுக்கு வேலையே அதுதான்."

இப்படிக்கு,
உனக்காக ஒரு பஸ் ஜனத்தின் முன்னால் முட்டாளாக உட்கார்ந்திருந்த
தாய்மாமன்