நன்றியுரையில் இரண்டு வரி இடம்

மார்ச் 3

அன்புள்ள டீச்சருக்கு,

நலம். நீயும் மகளும் மாப்பிள்ளையும் பேத்தி வாண்டும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் "சாப்பிட்டாச்சா?", "ஆச்சு" என்பதோடு நமக்குப் பேச்சு தீர்ந்துவிடுகிறது. விஷயம் கொஞ்சம் பெரியது. அதனால் எழுதுகிறேன்.

வரும் ஆகஸ்ட் 15 நாட்டின் சுதந்திரத்துக்கு ஐம்பது வயது. நம் ஊரிலும் பொன்விழாக் குழு அமைத்திருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் தலைவர். செயலாளர் யார் என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். "முப்பத்திமூணு வருஷம் ஊருக்கே தண்ணி காட்டினவரு, இதைச் செய்ய மாட்டாரா?" என்றார் லாரிக்காரர். குடிநீர் வாரியத்தில் இருந்தவனுக்கு இந்தப் பேச்சு பழக்கம்தான். நானும் சிரித்துவிட்டேன். சிரித்தது சம்மதமாகிவிட்டது.

செவ்வாய்தோறும் மாலை ஐந்து மணிக்கு நூலகத்தின் படிப்பறையில் கூடுகிறோம். இதுவரை மூன்று கூட்டம். மூன்றிலும் ஒரே பொருள்: மேடையில் யார் எங்கே உட்காருவது. மருந்துக்கடைக்காரரும் பல் டாக்டரும் இரண்டு வீட்டுக்கும் இடையில் உள்ள சுவர் காரணமாக ஒன்பது வருடமாகப் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். டாக்டர், "அவரு உட்கார்ற வரிசையில எனக்கு நாற்காலி வேண்டாம்" என்கிறார். இவர், "நான் எந்த வரிசைன்னு இன்னும் நானே சொல்லலியே" என்கிறார். லாரிக்காரருக்கு உயரமான முதுகு வைத்த நாற்காலி வேண்டும்.

"வெள்ளிவிழாவில ஒருத்தர் முகம்கூடச் சுளிக்கலியே, அப்போ எப்படிச் செஞ்சோம்?" என்று தலைவர் என்னைக் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி வந்திருக்கிறேன். எனக்கு எங்கே தெரியும்? அதை நீதானே செய்தாய். எழுதி அனுப்பு.

நன்றியுரையும் என் தலையில்தான். போன முறை எழுதித் தந்ததைப் போல இந்த முறையும் எழுதிவிடு. மூன்று பக்கம் போதும்.

இப்படிக்கு,
செயலாளர்
(பழக்கத்தில் கை போட்டுவிட்டது. மன்னிக்கவும்.)


மார்ச் 12

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான்கு வருடத்தில் முதல் முறையாக மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் இரண்டே முக்கால் பக்கம் நாற்காலி. என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்க மீதிக் கால் பக்கம் போதாமல் போய்விட்டது. பரவாயில்லை, வலி குறைந்திருக்கிறது. வாண்டு பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டதால் அவள் பின்னால் ஓடுகிற வேலை பாதியாகிவிட்டது. பகலில் வீடு ஓவென்று இருக்கிறது. மகள் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று வந்தவள் நான். வாண்டுக்கு நான்கு வயது முடியப்போகிறது.

நாற்காலிக்கு வருகிறேன். மேடையில் எல்லா நாற்காலியும் ஒரே மாதிரி இருக்கட்டும். பள்ளிக்கூடத்து மர நாற்காலிதான் நல்லது. ஒன்றுக்குக் கைப்பிடி இருந்து இன்னொன்றுக்கு இல்லாவிட்டால் விழா அங்கேயே முடிந்தது. லாரிக்காரரை வரிசையின் கடைசியில் போட்டு, "படிக்கட்டுப் பக்கம், முதல்ல இறங்கி விருந்தினரை வரவேற்கணும்" என்று சொல்லுங்கள். மகிழ்ந்துபோவார். டாக்டரையும் தலைவரையும் பிரிக்காதீர்கள். பிரித்தால் ஊரே கவனிக்கும். இருவருக்கும் நடுவில் எங்கள் பழைய தலைமையாசிரியையை உட்கார வையுங்கள். அந்த அம்மாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. இருவரும் கத்திக் கத்திப் பேச வேண்டியிருக்கும். முறைத்துக்கொள்ள நேரம் இருக்காது.

இனிப்புப் பொட்டலத்தை நாட்டுப்பண் பாடி முடித்த பிறகு கொடுங்கள். முன்பே கொடுத்தால் நன்றியுரைக்கு ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

வெள்ளிவிழா நன்றியுரை பீரோவின் மேல்தட்டில், உங்கள் பணி ஓய்வுக் காகிதங்களுக்கு அடியில், நீல ஃபைலில் இருக்கிறது. அதையே எடுத்துப் பெயர்களை மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவதற்கு முன் ஒரு முறை முழுதாகப் படித்துப் பாருங்கள்.

அன்புடன்,
டீச்சர்


மார்ச் 27

அன்புள்ள டீச்சருக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

நாற்காலி விவகாரம் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. நீ சொன்னதை நான் சொன்னதாகச் சொன்னேன். "படிக்கட்டுப் பக்கமா? அது பொறுப்பான இடமாச்சே" என்று லாரிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். டாக்டர், "ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவைப் பார்த்துக்கறது என் கடமை" என்றார். தலைவர், "என் கடமையும்தான்" என்றார். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்கள். ஆனாலும் முடிந்தது.

நீல ஃபைல் சொன்ன இடத்தில் சொன்னபடி இருந்தது. உட்கார்ந்து முழுதும் படித்தேன். அறுபத்தொரு பேர். கல்லூரி முதல்வர் தொடங்கி மைக் செட்காரர் வரை. ஒவ்வொருவருக்கும் எதற்காக நன்றி என்று ஒரு காரணம். கொடிக் கயிற்றை முதல் நாளே இழுத்துப் பார்த்த வாட்ச்மேனைக்கூட விடவில்லை. இவ்வளவு நல்ல உரையை வாசித்திருக்கிறேன் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஒரு சந்தேகம். மூன்றாம் பக்கத்தில், மைக் செட்காரருக்கும் "அனைவரும் எழுந்து நிற்போம்" என்பதற்கும் நடுவில் இரண்டு வரி இடம் விட்டிருக்கிறாய். பக்கத்தில் பென்சிலால் என் கையெழுத்தில் "தண்ணீர்" என்று இருக்கிறது. எப்படி யோசித்து இடம் விட்டிருக்கிறாய்! சரியாக அங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது, நினைவிருக்கிறது. இந்த முறையும் அதே இடத்தில் விடட்டுமா? வயதாகிவிட்டதால் இரண்டு இடத்தில் விடலாமா?

அன்புடன்,
செயலாளர்


ஏப்ரல் 5

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

நாற்காலி விஷயம் முடிந்ததில் மகிழ்ச்சி. முழங்கால் அப்படியே இருக்கிறது. தண்ணீருக்கு எங்கே வேண்டுமானாலும் இடம் விட்டுக்கொள்ளுங்கள். அது உங்கள் துறை. மழைக்கு முன் பின்பக்க ஜன்னல் கொக்கியை மாற்றிவிடுங்கள். வேறு விசேஷமில்லை.

டீச்சர்


ஏப்ரல் 29

அன்புள்ள டீச்சருக்கு,

ஜன்னல் கொக்கியை மாற்றிவிட்டேன்.

உன் கடிதத்தைப் பல முறை படித்தேன். பல முறை படிக்க அதில் ஒன்றும் இல்லை, அதனால்தான் படித்தேன். கோபம் வந்தால் நீ குரலை உயர்த்த மாட்டாய், வாக்கியத்தைச் சுருக்குவாய். நாற்பது வருடப் பழக்கம், அந்த அளவுக்காவது எனக்குத் தெரியும். எதற்குக் கோபம் என்றுதான் தெரியவில்லை.

பூமிக்கடியில் குழாய் எங்கேயோ கசிகிறது என்றால் நாங்கள் உடனே தோண்ட மாட்டோம். ஒவ்வொரு வால்வாக மூடிக்கொண்டே வருவோம். எதை மூடும்போது மீட்டர் முள் நிற்கிறதோ, கசிவு அந்தத் தெருவில். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஒரு தாளை எடுத்து, வெள்ளிவிழாவில் நடந்த வேலைகளை எல்லாம் நினைவுபடுத்தி இடது பக்கம் எழுதினேன். உரையில் உள்ள பெயர்களை வலது பக்கம் எழுதினேன். ஒவ்வொன்றாகக் கோடு போட்டுச் சேர்த்தேன். அறுபத்தொரு பெயரும் தீர்ந்துவிட்டன. ஐந்து வேலைகள் ஆளில்லாமல் மிஞ்சின.

அழைப்பிதழ் எழுதியது. மேடை வரிசை போட்டது. நாற்காலிகளுக்கு எண் ஒட்டியது. நூற்று நாற்பது குழந்தைகளை வெயிலில் நிறுத்தாமல் மரத்தடியில் உட்கார வைத்தது. இந்த நன்றியுரையை எழுதியது.

ஐந்துக்கும் ஆள் ஒன்று. அந்த ஆள் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ள முடியாது. அதனால், வாசிக்கிறவன் பார்த்துச் சொல்லிக்கொள்ளட்டும் என்று இரண்டு வரி விட்டிருக்கிறாள். வாசித்தவன் அங்கே ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தான்.

நூலக வாசல் கல்லில் வெள்ளிவிழாச் செயலாளர் என்று என் பெயர் வெட்டியிருக்கிறது. செவ்வாய்தோறும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். போன செவ்வாய் பக்கவாட்டு வாசலில் போனேன்.

இந்தக் கடிதத்துக்கு ஐந்து தாள் வீணாயிற்று. இந்த முறை நன்றியுரையை நானே எழுதிக்கொள்கிறேன். விழாவுக்கு நீ வந்தால் நன்றாக இருக்கும்.

குடித்தவன்


மே 14

அன்புள்ளவருக்கு,

வால்வு மூடியே கண்டுபிடித்துவிட்டீர்கள். இருபத்தைந்து வருடம் ஆனது, ஆனாலும் சரியான தெருவைத்தான் தோண்டியிருக்கிறீர்கள்.

அன்றைக்கு நான் மூன்றாவது வரிசையில், தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். எழுதியதே நான் என்பதால் அடுத்த பெயர் எது என்று தெரியும். மைக் செட்காரர் வந்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். நீங்கள் தாளைப் பார்த்தீர்கள், தம்ளரை எடுத்தீர்கள். "பாவம், தொண்டை காஞ்சு போச்சு" என்றாள் பக்கத்தில் இருந்த மருந்துக்கடைக்காரர் மனைவி. ஆமாம் என்றேன். எனக்குச் சிரிப்புதான் வந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது, தபால் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று.

அதற்காகத்தான் இங்கேயே தங்கிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவ்வளவு பெரிய கோபக்காரி இல்லை. வந்த மூன்று மாதம் முடிந்ததும் பெட்டியைக் கட்டி வைத்தேன். "எப்ப வர்றே?" என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டால் கிளம்பலாம் என்று இருந்தேன். நீங்கள் கேட்கவில்லை. அப்புறம் குழந்தைக்கு ஜுரம், மகளுக்கு வேலை என்று ஒவ்வொன்றாக வந்தது. போன வருடம் மகள் கேட்டாள், "ஏம்மா, அப்பா உன்னைக் கூப்பிடவே மாட்டாராம்மா?" என்று. "கூப்பிடுவாருடி, யாராவது வால்வைத் திறக்கணும்" என்றேன்.

விழாவுக்கு வர முடியாது. அன்றைக்கு வாண்டின் பள்ளியிலும் விழா. குழந்தைகளை ஐம்பது என்ற எண் வடிவில் நிறுத்துகிறார்கள். நம் வாண்டு பூஜ்யத்தில் நிற்கிறாள். வீட்டில் அந்தப் பெருமை தாங்க முடியவில்லை.

உரையைச் சுருக்கமாக எழுதுங்கள். பெயருக்கு முன்னால் மூச்சு விடுங்கள், பின்னால் வேண்டாம்.

டீச்சர்


ஆகஸ்ட் 17

அன்புள்ள டீச்சருக்கு,

விழா நன்றாக நடந்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

காலையில் தூறல். எட்டரைக்கு விட்டுவிட்டது. கொடி ஒரே இழுப்பில் ஏறியது. லாரிக்காரர் படிக்கட்டில் எல்லோரையும் வரவேற்றார், ஐஸ் விற்க வந்தவரைக்கூட. மேடையில் டாக்டரும் தலைவரும் உன் தலைமையாசிரியையின் இரண்டு காதிலும் மாறி மாறிக் கத்தினார்கள். கடைசியில் டாக்டர் பொறுக்க முடியாமல் தலைவரைப் பார்த்து, "அவங்களுக்குத்தான் காது கேக்காது, எனக்குக் கேக்குது, மெதுவாப் பேசுங்க" என்றார். "சரிங்க" என்றார் இவர். ஒன்பது வருடத்தில் முதல் பேச்சு அதுதான். அம்மா இருவரையும் பார்த்துத் தலையாட்டினார்.

நன்றியுரை பதினொன்றே காலுக்கு. ஐம்பத்தெட்டு பேர். நானே எழுதினேன், உன் அளவுக்கு வராது. மைக் செட்காரருக்குப் பிறகு இரண்டு வரியைக் காலியாகவே விட்டிருந்தேன். எழுதி வாசித்தால் அந்த ஐம்பத்தெட்டோடு ஒன்றாகப் போய்விடும் என்று தோன்றியது. அந்த இடம் வந்ததும் குரல் வரவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் எழத் தொடங்கிவிட்டார்கள். மைக் செட்காரர் (அதே மனிதர்தான், தலை முழுக்க நரைத்துவிட்டது) ஓடிவந்து தம்ளரை நீட்டினார்.

"வேண்டாம்ப்பா, போன தடவை குடிச்சதே இன்னும் தீரல" என்றேன். மைக் திறந்திருந்தது. மைதானம் முழுக்கச் சிரித்தது, எதற்கு என்று ஒருவருக்கும் தெரியாமலே.

அந்தச் சிரிப்பில் எனக்குக் குரல் திரும்பியது. சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இந்த ஊர்ல பாதிப் பேருக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவங்க எங்க வீட்டு டீச்சர். வெள்ளிவிழாவை நான் நடத்தினதா வாசல் கல்லுல இருக்கு. நடத்தினது அவங்க. இன்னைக்கு நீங்க உட்கார்ந்திருக்கிற வரிசையையும் எங்கேயோ இருந்துகிட்டு அவங்கதான் போட்டாங்க. அப்போ நன்றி சொல்ல மறந்துட்டேன். இப்போ சொல்றேன்."

எழுந்தவர்கள் நின்றபடியே இருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். வகுப்பில் நீ உள்ளே வந்து கையைக் காட்டினால் உட்காருவார்களே, அப்படி. அப்புறம்தான் நாட்டுப்பண்.

எல்லாம் முடிந்து நாற்காலிகளைப் பள்ளியில் திருப்பி வைத்தேன். வீடு வந்தேன். யோசித்துப் பார்த்தேன். அங்கே உன் உதவி தேவைப்படும், கேட்டால் சங்கடப்படுவாய் என்றுதான் நான்கு வருடம் கேட்காமல் இருந்தேன். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்கிறேன்.

எப்போ வர்றே?

உன்,
தண்ணீர்க்காரன்


ஆகஸ்ட் 25

அன்புள்ள தண்ணீர்க்காரருக்கு,

உங்கள் கடிதத்தை மகள்தான் உரக்கப் படித்தாள். கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்ததால் என்னால் படிக்க முடியவில்லை. "அப்பாவா இது!" என்று நடுநடுவே கேட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை எழுந்து நின்றே கேட்டார்.

உரையில் ஒரு பிழை. நாற்காலிகளைத் துடைத்து வைத்த பள்ளி ஆயாவை விட்டுவிட்டீர்கள் என்று மருந்துக்கடைக்காரர் மனைவி எழுதியிருக்கிறார். நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

நானும் ஒரு நன்றியுரை பாக்கி வைத்திருக்கிறேன். கல்யாணமாகி வந்த பிறகு நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போன இரண்டு வருடமும், திங்கட்கிழமை விடிந்ததும் என்னைச் சைக்கிளில் கொண்டுபோய்ப் பஸ் ஏற்றிவிட்டது நீங்கள். சமைத்தது நீங்கள். குழந்தைக்குத் தலை பின்னிவிட்டது நீங்கள். கோணலாகத்தான் இருக்கும். தெருவில் கேலி செய்தார்கள், அது உங்களுக்குக் கேட்டதாகவே நீங்கள் காட்டிக்கொள்ளவில்லை. பயிற்சி முடிந்த அன்று எல்லா ஆசிரியைகளுக்கும் நன்றி சொன்னேன், உங்களிடம் சொல்லவில்லை. இத்தனை வருடம் உங்கள் மறதியை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது சொல்கிறேன்: நன்றி.

பெட்டி கட்டிவிட்டேன். வாண்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "பாட்டி, நானும் வருவேன்" என்கிறாள். விடுமுறைக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்களே வந்து அழைத்துப் போனால் முழங்காலுக்கு நல்லது. கிளம்பும் தேதியை நான் எழுதவில்லை. கீழே இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன். நிரப்பித் திருப்பி அனுப்புங்கள்.




அங்கே தண்ணீர் குடித்துவிடாதீர்கள்.

உங்கள்,
டீச்சர்